ஃபீஸ் பாக்கிப் பட்டியலும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும்

கேள்வி: தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சராக இருக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை என் சொந்த நம்பரில்தான் நடத்துகிறேன். வீட்டுப்பாடம், சர்க்குலர், பிறந்தநாள் வாழ்த்து, மார்க் லிஸ்ட் எல்லாம் அதில்தான் போகிறது. போன மாதம் ஆபீசிலிருந்து ஃபீஸ் பாக்கி உள்ளவர்களின் பட்டியலை அனுப்பி, குரூப்பில் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு மாணவியின் அப்பா போனில் கத்தித் தீர்த்துவிட்டார். அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. இன்னொரு மாணவனின் அம்மாவுக்கு யாரோ ராத்திரி நேரத்தில் மெசேஜ் அனுப்புகிறார்களாம். குரூப்பிலிருந்துதான் நம்பர் போயிருக்கும் என்கிறார். இப்போது நிர்வாகம் பெற்றோருக்கென ஒரு செயலி வாங்கப் போகிறது. அதற்காக ஆதார், சாதிச் சான்றிதழ், பெற்றோர் வருமானம், ரத்த வகை, போட்டோ எல்லாவற்றையும் ஒரு கூகுள் ஃபார்மில் வாங்கித் தரச் சொல்கிறார்கள். முகத்தைக் காட்டி அட்டெண்டன்ஸ் போடும் வசதியும் அதில் உண்டாம். இதற்கெல்லாம் நான் பொறுப்பா? வேலைக்கு ஆபத்து வராமல் என்ன செய்யலாம்? பழைய வகுப்புகளின் குரூப்புகளும் என் போனில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

— ஓர் ஆசிரியை, தென் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த அம்மாவின் விஷயம். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. வந்த மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நம்பரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அந்த நம்பரை வாட்ஸ்அப்பிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யட்டும். அதோடு நிற்கவில்லை என்றால், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம், 181 மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அந்த நம்பர் யாருடையது என்று நீங்கள் துப்பறியக் கிளம்பாதீர்கள். குரூப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுதினால் அனுப்பியவன் உஷாராகிவிடுவான், அந்த அம்மாதான் ஊர்வாயில் விழுவார். முதல்வரிடம் மட்டும் எழுத்தில் தெரிவித்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் சந்தேகப்படுவது நியாயம்தான். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய நம்பரும் தெரியும். ஒரு வகுப்பு என்றால் அம்மா, அப்பா, சில வீட்டில் தாத்தா, மாமா என்று எண்பது தொண்ணூறு பேர் வந்துவிடுகிறார்கள். அவர்களின் போனை எடுத்து நோண்டும் அண்ணன்களும் சித்தப்பாக்களும் கணக்கில் வராதவர்கள். புரொஃபைல் படத்தில் அம்மாவும் பையனும் சேர்ந்து சிரிப்பார்கள், பெயரும் பக்கத்திலேயே இருக்கும். பள்ளிக்காகக் கொடுத்த நம்பரை இத்தனை பேருக்கும் காட்டட்டுமா என்று எந்தத் தாயிடமும் யாரும் கேட்கவில்லை.

இனி அந்தப் பட்டியல். அதைப் போட்டிருக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் இழுக்கப் போவதில்லை. ஆனால் போடச் சொன்னது சட்டப்படியும் தவறு என்பது உங்கள் நிர்வாகத்துக்குத் தெரியுமா என்பது சந்தேகம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையை அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. மனரீதியாகத் துன்புறுத்துவதையும் அதே வரியில் தடை செய்கிறது. ஆறிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வயதுக்காரர்கள். பாக்கி வைத்தது அப்பா, தலைகுனிந்தது மகள். அந்தப் பெண் இரண்டு நாள் வராமல் போனதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அப்பாவிடம் போனில் பேசி வருத்தம் தெரிவித்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் தனியாக ஒன்றும் பேச வேண்டாம், எப்போதும் போல நடத்துங்கள். அவளுக்கு இப்போது வேண்டியது, மற்ற பிள்ளைகள் அதை மறப்பது.

ஒரு கோட்டை மட்டும் கிழித்துக்கொண்டால் உங்கள் தினசரிச் சிக்கலில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். செய்தி எல்லோருக்கும் பொதுவானதா, ஒரே வீட்டுக்கானதா? நாளை லீவு, வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு, ஆண்டு விழாவுக்கு வெள்ளைச் சட்டை: இவை பொது. மார்க், ஃபீஸ், உடம்புக்கு முடியாமல் போனது, வகுப்பில் நடந்த சண்டை, கண்ணாடி போட வேண்டும் என்ற யோசனை: இவை அந்தந்த வீட்டுக்கு மட்டும். அழகாக அச்சடித்த ரேங்க் அட்டை என்றாலும், பாராட்டு என்றாலும் இந்தக் கோட்டில் மாற்றமில்லை. முதல் மூன்று ரேங்க்கைப் போட்டால் மீதிப் பேர் யார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறதே. மார்க்கைப் பார்த்துவிட்டு “உங்க பொண்ணு ஏன் சயின்ஸ்ல இப்படி?” என்று வாசலில் நின்று கேட்கும் பக்கத்து வீட்டு அம்மாவும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்.

பிறந்தநாள் வாழ்த்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது யாருக்கும் தவறாகவே படுவதில்லை. நம் பள்ளிச் செயலிகள் பலவற்றில் பெற்றோரின் யூசர் நேம் மாணவரின் அட்மிஷன் நம்பர், பாஸ்வேர்டு பிறந்த தேதி. அட்மிஷன் நம்பர் மார்க் லிஸ்ட்டில் வந்துவிடுகிறது, பிறந்த தேதி கேக் படத்தோடு வந்துவிடுகிறது. எந்தத் திருட்டு வித்தையும் தெரியாத ஒருவர் இரண்டையும் சேர்த்துப் போட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கணக்கைத் திறந்துவிடலாம். வாழ்த்தை வகுப்பில் சொல்லுங்கள், பாட்டும் பாடுங்கள். குரூப்பில் வேண்டாம்.

வாட்ஸ்அப்பை நாளைக்கே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளி வேறு வழி தராதவரை, பெற்றோர் எல்லோரிடமும் இருப்பது அதுதான். ஆனால் அதிலேயே சில வசதிகள் இருக்கின்றன. ‘கம்யூனிட்டி’ ஒன்றை உருவாக்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் அட்மின் மட்டுமே எழுத முடியும். பெற்றோரின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, அட்மினுக்கும் ஏற்கெனவே அந்த நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். அதற்குள்ளே தனிக் குரூப் தொடங்கினால் நம்பர் மறுபடி வெளியே வந்துவிடும், ஆகவே அறிவிப்புப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னொரு வழி. அனுப்புவது எல்லோருக்கும் தனித்தனி மெசேஜாகப் போகும், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சேரும். “எனக்கு வரவே இல்லையே மிஸ்” என்று பாதிப் பேர் சொல்வது அதனால்தான். இரண்டும் சரிப்படவில்லை என்றால், இருக்கும் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்றாவது மாற்றுங்கள். நம்பர் மறையாது, குட் மார்னிங்கும் வாக்குவாதமும் நிற்கும்.

சொந்த நம்பர் என்பது தனிக் கவலை. பள்ளி ஒரு சிம்மும் ஒரு சாதாரண போனும் வகுப்புக்கோ, குறைந்தபட்சம் ஒவ்வொரு பிரிவுக்கோ தர வேண்டும். அது பெரிய செலவு இல்லை. ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் கொஞ்சம் போதும். அதுவரை உங்கள் போனில் ஒரு வேலை செய்யுங்கள்: வகுப்பு குரூப்பில் வரும் படங்கள் கேலரியில் தானாகச் சேராதபடி மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள். பெற்றோர் அனுப்பிய ஆதார் நகல், மருத்துவச் சீட்டு எல்லாம் உங்கள் கல்யாணப் போட்டோக்களோடு கலந்து கூகுள் போட்டோஸில் ஏறி, வீட்டு டிவியில் ஸ்லைடு ஷோவாக ஓடும் காலம் இது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது அவையும் சேர்ந்து போகக் கூடாது.

கூகுள் ஃபார்முக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான், ஃபீஸ் பட்டியலைவிட.

கேட்டிருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, எதற்கு என்று கேளுங்கள். வீட்டுப்பாடமும் வருகைப் பதிவும் அனுப்பும் செயலிக்குச் சாதி எதற்கு? வருமானம் எதற்கு? எமிஸ் என்ற அரசின் மாணவர் விவரப் பதிவுக்கும் அரசு உதவித்தொகைக்கும் சில விவரங்கள் வேண்டும், உண்மைதான். அவை ஏற்கெனவே ஆபீசில் அட்மிஷன் கோப்பில் இருக்கின்றன. இருப்பதை மறுபடி வாங்கி, இன்னொரு இடத்தில் இன்னொரு நகல் வைப்பதால் பள்ளிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, கசிய ஒரு ஓட்டை கூடுதலாகக் கிடைக்கிறது. ரத்த வகை வேண்டுமென்றால் அது ஐடி கார்டில் இருக்கட்டும். சுற்றுலா கூட்டிப் போகும்போது பயன்படும். செயலிக்காரருக்கு அது தேவையில்லை.

ஆதார் விஷயத்தில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது. அபார் என்ற மத்திய அரசின் மாணவர் அடையாள எண்ணுக்கும் பெற்றோரின் ஒப்புதல் படிவம் தனியாக உண்டு, ஒப்புதல் தராமல் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆதாரை ஏதோ காரணத்துக்காகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஆபீசில் நேரில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகல் கிடைக்கிறது, அதை வாங்கலாம். குரூப்பில் “எல்லோரும் ஆதார் காப்பி அனுப்புங்க” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பாதிப் பேர் குரூப்பிலேயே போட்டுவிடுவார்கள்.

ஃபார்ம் தயாரிப்பதிலும் இரண்டு கண்ணிகள். பதில்களின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்குக் காட்டும் ஒரு அமைப்பு அதில் உண்டு. அது ஆன் ஆகியிருந்தால், நிரப்பிய ஒவ்வொருவரும் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். இரண்டாவது, பதில்கள் சேரும் ஷீட்டை ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று வைத்து, அந்த லிங்க்கை ஸ்டாஃப் குரூப்பில் போடுவது. ஒரு முறை ஃபார்வர்டு ஆனால் அது யாரிடம் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டிய இருவரின் மெயில் ஐடியை மட்டும் சேர்த்துப் பகிருங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு, ஒரு மாணவனின் பெயரும் அப்பா நம்பரும் தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஆபீசில் கேட்பார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்பே முன்பின் தெரியாத கல்லூரிகளிலிருந்து பெயர் சொல்லி அழைப்பு வருவதை அவர்களும் பார்த்திருப்பார்கள். அது தொந்தரவு மட்டும்தான். “உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது” என்று வாட்ஸ்அப்பில் அழைத்து, கியூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லிப் பணம் பறிப்பது அடுத்த படி; தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. “உங்கள் மகன் போலீஸில் மாட்டியிருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்” என்ற அழைப்பு அதற்கும் அடுத்த படி. இவை எல்லாவற்றிலும் பெற்றோரை நம்ப வைப்பது ஒன்றுதான்: பேசுகிறவனுக்குப் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி சரியாகத் தெரிந்திருக்கிறது. பிரிந்து வாழும் கணவன் மனைவி இருக்கும் வீடுகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வேனில் வருகிறது என்பது ஒரு தரப்புக்குத் தெரியக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கும் சூழலும் உண்டு. ஆண்டு விழாப் படத்தைப் பெயர், வகுப்போடு பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றும் முன் இதை நினைத்துப் பாருங்கள். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் கூட்டமாக நிற்கும் படம், பெயர் இல்லாமல். வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால் அந்தப் பிள்ளையை ஓரமாக நிறுத்தாமல், அவள் இல்லாத படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, செயலி. செயலி வருவது கெட்ட விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்கான செயலியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுப் பிள்ளையின் விவரம் மட்டும் தெரியும். நான் மேலே சொன்ன கோட்டை அது தானாகவே போட்டுவிடும். பிரச்சினை, நாம் அதை வாங்கும் விதத்தில் இருக்கிறது. விலை, பள்ளி லோகோ வருமா, எஸ்எம்எஸ் எத்தனை இலவசம்: பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான்.

விலையே இல்லை என்றால் இன்னும் கவனம் வேண்டும். எட்மோடோ என்று ஒரு தளம் இருந்தது, ஆசிரியர், மாணவர், பெற்றோர் பேசிக்கொள்வதற்காக. அமெரிக்காவில் அது குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் 60 லட்சம் டாலர் அபராதத்துக்கு உத்தரவு வாங்கியது. அந்த வழக்கில் எனக்கு மறக்காதது அபராதத் தொகை இல்லை. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும் பொறுப்பைச் சின்ன எழுத்தில் பள்ளிகள் தலையிலும் ஆசிரியர்கள் தலையிலும் அந்த நிறுவனம் கட்டியிருந்தது. உங்கள் நிர்வாகம் கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும்.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்பதும் கிடையாது. பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மாணவர் விவர மென்பொருள் அமெரிக்கா, கனடா பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. அதற்குள் 2024 டிசம்பரில் ஒருவர் திருட்டுத்தனமாக நுழைந்தார். வாடிக்கையாளர் உதவிக்கான ஒரு கணக்கின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் போதுமானதாக இருந்தன, அதற்கு மேல் ஓடிபி போன்ற இரண்டாவது சோதனை இல்லை. நிறுவனம் திருடியவருக்குப் பணம் கொடுத்து, விவரங்களை அழித்துவிட்டதாக ஒரு வீடியோவும் வாங்கிக்கொண்டது. ஆனால் 2025 மே மாதம் அதே விவரங்களைக் காட்டிப் பள்ளி நிர்வாகங்களைத் தனித்தனியாக மிரட்டினார்கள். டொரண்டோ பள்ளி வாரியத்தில் 1985-இலிருந்து படித்தவர்களின் விவரங்களும் அதில் போயிருக்கலாம் என்று வாரியமே அறிவித்தது. எப்போதோ படித்து முடித்து, இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள்! டி.சி. வாங்கிப் போன மாணவரின் விவரம் செயலியில் எத்தனை நாள் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் அழித்ததற்கு என்ன எழுத்து தருவார்கள் என்ற கேள்வியை அதனால்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். பிறகு, அந்த நிறுவனத்தில் யார் யார் நம் பிள்ளைகளின் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியும், அவர்கள் உள்ளே வர ஓடிபி உண்டா என்பது. அப்புறம், பெற்றோரின் போனில் அது கான்டாக்ட்ஸையும் மைக்கையும் லொக்கேஷனையும் கேட்கிறதா, கேட்டால் எதற்கு என்பது. மறுத்தாலும் செயலி வேலை செய்ய வேண்டும். செய்யாது என்றால் அது வேறு ஏதோ செய்கிறது.

பாஸ்வேர்டு பிறந்த தேதியாக இருக்கக் கூடாது என்பதை நிபந்தனையாகவே வைக்கச் சொல்லுங்கள். சீசா என்ற செயலியில் 2022 செப்டம்பரில், சில கணக்குகளுக்குள் யாரோ புகுந்து, பெற்றோருக்கு ஆபாசப் படத்தின் லிங்க்கை அனுப்பினார்கள். செயலியை யாரும் உடைக்கவில்லை. வேறு எங்கோ வெளியான பாஸ்வேர்டுகளையே இங்கும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் அவை. சின்னப் பிள்ளைகளின் ஓவியங்களைப் பெற்றோருக்குக் காட்டும் இடத்தில் இது நடந்தது.

முகத்தைக் காட்டும் அட்டெண்டன்ஸைப் பற்றி என் கருத்து ஒரே சொல்: வேண்டாம். நாற்பது பிள்ளைகளின் முகம் உங்களுக்குத் தெரியும். பெயரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடம். ஸ்வீடனில் ஷெல்லெஃப்டியோ நகரத்துப் பள்ளி ஒன்று 22 மாணவர்களை வைத்து இதைச் சில வாரம் சோதித்துப் பார்த்தது. பெற்றோரிடம் ஒப்புதலும் வாங்கியிருந்தது. 2019-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளிக்குக் கீழே இருப்பவர்கள் பள்ளிக்குக் கொடுக்கும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும், வருகைப் பதிவுக்கு இது மிதமிஞ்சியது என்றும் காரணம் சொன்னது. நம் ஊர்ப் பெற்றோர் பள்ளி நீட்டிய தாளில் எதையாவது வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. போடாவிட்டால் பிள்ளையிடம் காட்டுவார்களோ என்ற பயம் யாருக்கும் உண்டு.

நீங்கள் பொறுப்பா என்று கேட்டீர்கள். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த விவரத்தை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் யாரோ அவர்தான் பொறுப்பு. உங்கள் விஷயத்தில் அது பள்ளி நிர்வாகம். செயலி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம், ஒப்பந்தத்தில் அவர்கள் பொறுப்பு என்று இருக்கிறது என்று சொல்லியும் பள்ளி தப்ப முடியாது. இந்தச் சட்டத்துக்கு 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். அவர்களைக் குறிவைத்த விளம்பரம் கூடாது. படிப்புக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் பள்ளி கண்காணிப்பதற்கு, வேன் எங்கே வருகிறது என்று காட்டுவது உட்பட, விதிகளில் விலக்கு உண்டு. விளம்பரத்துக்கு விலக்கு இல்லை. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை, பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி வரை அபராதம் போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. “இன்னும் நாள் இருக்கிறதே” என்று ஆபீசில் சொல்லலாம். இப்போது வாங்கும் செயலியும் இப்போது சேர்க்கும் நகல்களும் அன்றைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

வேலைக்கு ஆபத்து வராமல் எப்படிச் சொல்வது? எதிர்ப்பாகச் சொல்லாமல், பள்ளியைக் காப்பாற்றும் யோசனையாகச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னும் இரண்டு கிளாஸ் டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு, வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில். இப்படி ஒன்று போதும்:

“மதிப்பிற்குரிய கரஸ்பாண்டன்ட் அவர்களுக்கு, புதிய செயலிக்காகக் கேட்கப்பட்ட விவரங்களில் ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானம் ஆகியவை செயலிக்குத் தேவைப்படுவதாகத் தெரியவில்லை, தேவையானவை ஏற்கெனவே அலுவலகக் கோப்பில் உள்ளன. பெற்றோர் சிலர் இது பற்றிக் கேள்வி கேட்கின்றனர். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பள்ளியின் பெயருக்கே பொறுப்பு வருவதால், மாணவர் பெயர், வகுப்பு, ஒரு பெற்றோர் எண் மட்டும் முதலில் கொடுக்கலாம் என்று கருதுகிறோம். கட்டண நிலுவையை அந்தந்தப் பெற்றோருக்கு அலுவலகமே நேரடியாகத் தெரிவித்தால் வகுப்பில் சங்கடம் இராது. தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறோம்.”

‘பெற்றோர் சிலர் கேள்வி கேட்கின்றனர்’ என்பதை விட்டுவிடாதீர்கள். தனியார் பள்ளியில் சட்டப் பிரிவைவிட அந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம். அடுத்த முறை ஃபீஸ் பட்டியல் வந்தால், “பெற்றோருக்குத் தனித்தனியாகச் சொல்லிவிடட்டுமா சார்?” என்று திருப்பிக் கேட்டு, பதிலை மெசேஜிலேயே வாங்குங்கள். போட்டே ஆக வேண்டும் என்று எழுத்தில் சொல்லப் பெரும்பாலான நிர்வாகிகள் தயங்குவார்கள்.

கடைசியாக, பழைய குரூப்புகள். உங்கள் போனில் அழித்துவிட்டால் அவை மற்றவர்களின் போனிலிருந்து போய்விடாது, நம்பர்களும் அங்கேயே தெரியும். “கல்வியாண்டு முடிந்ததால் இந்தக் குரூப் மூடப்படுகிறது, பிள்ளைகளின் சான்றிதழ் நகல், மார்க் லிஸ்ட் எதையாவது சேமித்திருந்தால் அழித்துவிடுங்கள்” என்று ஒரு செய்தி போடுங்கள். இரண்டு நாள் விட்டு ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் நீங்களும் வெளியேறுங்கள். அதற்கு முன், ஃபீஸ் பட்டியலைப் போடச் சொல்லி ஆபீசிலிருந்து உங்களுக்கு வந்த மெசேஜை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பள்ளி மெயிலுக்குப் போகாமல் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். அந்தப் படத்தில் பிள்ளைகளின் பெயர்கள் தெரிந்தால் அவற்றை மறைத்துவிட்டு.